தினமும் 3 கிலோமீட்டரா, ஒரே ஓட்டமா 200 கிலோமீட்டரா? இன்ஜின் ஆயில அத வச்சு எடுங்க

இன்ஜின் ஆயில் எது போடலாம்னு யார்கிட்ட கேட்டாலும் ஒண்ணு பிராண்ட் பேர் சொல்வாங்க, இல்லன்னா "கண்ண மூடிக்கிட்டு ஃபுல் சிந்தெடிக் (கூடுதலா பதப்படுத்தி எடுக்கற, விலை கூடின ஆயில்) ஊத்துங்க"ன்னு சொல்வாங்க. ரெண்டுமே மோசமான பதில் இல்ல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி வேற. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணா வண்டி எவ்ளோ நேரம் நிக்காம ஓடுது, ஆயில் முழுசா சூடாகுதா, சூடானப்புறம் அந்த சூட்டுல எவ்ளோ நேரம் இருக்கு, இது தெரிஞ்சா பாதி முடிவு ஆயிடுச்சு. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுற ரெண்டு காரை எடுத்துக்கோங்க, ஒண்ணு முழுக்க ஹைவேல ஓடுது, இன்னொண்ணு 3 கிலோமீட்டர் போயி நின்னு, திரும்ப 3 கிலோமீட்டர் வந்து நின்னு அப்படியே சேர்த்தது. மீட்டர் ரெண்டுலயும் ஒரே கணக்குதான் காட்டும், ஆயில வடிச்சு பாத்தா சம்பந்தமே இருக்காது.

அதுக்கு முன்னாடி ஒரு எல்லைக்கோடு போட்டுக்குவோம். வண்டியோட மேனுவல்ல என்ன கிரேடு (ஆயிலோட கெட்டித்தன்மை நம்பர்), என்ன ஸ்பெக் (ஆயில் பாஸாக வேண்டிய தர விதி) போட்டிருக்கோ அதுக்குள்ளதான் நம்ம ஆட்டமெல்லாம். நிறைய பேருக்கு தெரியாத விஷயம், பல மேனுவல்கள்ல ஒரே ஒரு கிரேடு மட்டும் இருக்காது, வெளி வெப்பநிலைய வச்சு ஒரு சார்ட் போட்டு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, சிலதுல 5டபிள்யூ-40 வரைக்கும் கூட அனுமதிச்சிருப்பாங்க. அந்த அனுமதிச்ச லிஸ்டுக்குள்ள எத எடுக்கறதுங்கறதுதான் உங்க ஓட்டுற பழக்கம் முடிவு பண்ற விஷயம். ஒரே ஒரு கிரேடு மட்டும் போட்டிருந்தா பெரிசா யோசிக்க ஒண்ணும் இல்ல, எத்தன நாளுக்கு ஒரு தடவை மாத்தறதுங்கறது மட்டும்தான் உங்க கையில இருக்கு. அதுவே பெரிய விஷயம்தான்.

இப்ப அந்த நம்பர்கள். டபிள்யூன்னா வின்டர். அதுக்கு முன்னாடி இருக்கற நம்பர் கடுங்குளிர்ல ஆயில் எப்படி நடந்துக்குதுன்னு சோதிச்சு குடுக்கறது, 0டபிள்யூவ மைனஸ் 35 டிகிரியில சோதிப்பாங்க, 5டபிள்யூவ மைனஸ் 30, 10டபிள்யூவ மைனஸ் 25, 15டபிள்யூவ மைனஸ் 20, 20டபிள்யூவ மைனஸ் 15. இத பாத்ததும் "நாங்க இருக்கற இடத்துல பனியே விழாது, எனக்கு எதுக்கு 0டபிள்யூ"ன்னு கேக்கத் தோணும். பாதி நியாயம். ஆனா ஆயிலுக்கு 30 டிகிரியும் குளிர்தான், ஏன்னா அது வேலை பாக்கறதே 90, 100 டிகிரிக்கு மேல. ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில 10, 11 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மைய அளக்கற அலகு, நம்பர் கூடினா கெட்டி) அளவுக்கு ஓட்டமா இருக்கும், அதே ஆயில் 40 டிகிரியில 60, 70 கிட்ட இருக்கும், அதாவது ஆறு மடங்கு கெட்டி. 15டபிள்யூ-40 அதே 40 டிகிரியில 110 பக்கம் வரும், 20டபிள்யூ-50 இன்னும் மேல, 150 பக்கம். பிராண்டுக்கு பிராண்ட் கொஞ்சம் மாறும், ஆனா கதை இதுதான். காலையில சாவி போட்ட உடனே ஆயில் மேல ஏறி மேல வால்வுகள திறக்கற கேம்ஷாஃப்ட் வரைக்கும் போய் சேரணும்ல, அந்த நேரத்துல கெட்டி ஆயிலால எந்த பிரயோஜனமும் இல்ல.

ரெண்டாவது நம்பர் சூடானப்புறம் எவ்ளோ கெட்டின்னு சொல்றது. 20ன்னா 100 டிகிரியில 6.9ல இருந்து 9.3 சென்டிஸ்டோக்குக்குள்ள, 30ன்னா 9.3ல இருந்து 12.5க்குள்ள, 40ன்னா 12.5ல இருந்து 16.3க்குள்ள. இதுக்குப் பின்னாடி இன்னொரு அளவு ஒளிஞ்சிருக்கு, எச்டிஎச்எஸ்னு சொல்வாங்க, 150 டிகிரியில பயங்கர வேகத்துல நசுக்கும்போது ஆயில் எவ்ளோ தாங்குதுன்னு பாக்கறது. 20 கிரேடுக்கு குறைஞ்சது 2.6, 30க்கு 2.9, 5டபிள்யூ-40 மாதிரி ஆயிலுக்கு 3.5. கிராங்க்ஷாஃப்ட் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல உலோகம் உலோகத்த தொடாம காப்பாத்தற படலம் எவ்ளோ தாங்கும்னு சொல்றது இந்த நம்பர்தான். மலை ஏறறவங்க, லோடு இழுக்கறவங்க பாக்க வேண்டியது இது, டப்பா முன்பக்கம் இது இருக்காது, ஆயில் கம்பெனியோட டேட்டா ஷீட்ல இருக்கும்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். முதல்ல குட்டி குட்டி ஓட்டம் ஓட்டறவங்க, ஏன்னா இவங்க கேஸ்தான் ரொம்ப சிக்கல், இவங்கதான் "நான் எங்க ஓட்டறேன், ஆயில் புதுசாதான் இருக்கும்"னு நினைச்சுக்கிட்டு இருக்கறவங்களும். டேஷ்போர்டுல காட்டறது கூலன்ட் (இன்ஜின ஆற வைக்கற திரவம்) சூடு, ஆயில் சூடு இல்ல. கூலன்ட் முள்ளு நடுவுக்கு வந்தப்புறமும் ஆயில் சூடாக இன்னும் நேரம் ஆகும், நல்லா 15, 20 நிமிஷம் ஓட்டினாதான் முழுசா சூடாகும். அதுக்குள்ள நீங்க போற இடம் வந்துடுச்சு, ஆஃப் பண்ணிட்டீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகுது, பெரும்பகுதி சைலன்சர் வழியா போயிடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங் தாண்டி கீழ இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும், ஏன்னா இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோல அதிகமா குடுக்கும். ஆயில் சூடானா இது ரெண்டும் ஆவியாகி வெளிய போயிடும். சூடாகலன்னா அங்கயே தங்கி, ஆசிட் உருவாகி, கடைசியில ஸ்லட்ஜ், அதாவது அந்த கருப்பு கசடு. ஆயில் ஊத்தற மூடிய திறந்தா உள்பக்கம் வெள்ளையா பால் மாதிரி படிஞ்சிருந்தா பல நேரம் காரணம் இந்த தண்ணிதான், உடனே ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயில்ல கலக்காம தடுக்கற சீல்) போச்சுன்னு பயப்பட வேண்டாம். கூலன்ட் அளவு குறையுதான்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

இந்த பழக்கத்துக்கு ரெண்டு வழி முன்னாடி இருக்கு. ஒண்ணு, விலை கூடின ஃபுல் சிந்தெடிக் போட்டுட்டு 15,000 கிலோமீட்டர் வரைக்கும் தொடாம ஓட்டறது. இன்னொண்ணு, மேனுவல் ஸ்பெக்குக்கு சரியா இருக்கற சுமாரான விலை ஆயில் போட்டு மேனுவல் சொன்னதுல பாதியிலயே மாத்தறது. நான் யோசிக்காம ரெண்டாவதுதான் சொல்வேன். சிந்தெடிக் ஆயில் நல்ல துணி மாதிரி, சீக்கிரம் நைஞ்சு போகாது, அதுக்காக அழுக்கு படாதுன்னு அர்த்தம் இல்ல, துவைச்சுதான் ஆகணும். ஆயில் தானா கெட்டுப் போறது ஒரு பிரச்சினை, ஆயில்ல அழுக்கு, தண்ணி, பெட்ரோல் சேர்றது வேற பிரச்சினை, குட்டி ஓட்டத்துல வர்றது ரெண்டாவது. அதுக்கு மருந்து ஆயில மாத்தறது மட்டும்தான். மேனுவல்லயே "கடுமையான பயன்பாடு"ன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல குட்டி ஓட்டம், டிராஃபிக், தூசி, லோடு எல்லாம் சேர்த்து இடைவெளிய நல்லா குறைச்சு போட்டிருப்பாங்க. எல்லாரும் நம்ம சாதாரண பயன்பாடுதான்னு நினைச்சு தாண்டிப் போற பக்கம் அது, படிச்சு பாத்தா நம்மள்ல பாதி பேர் அந்த கடுமையான லிஸ்ட்லதான் இருப்போம்.

கிரேடு விஷயத்துல இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. மேனுவல் 0டபிள்யூ-20யும் 5டபிள்யூ-30யும் ரெண்டையும் அனுமதிக்குது, உங்களோடது சாதாரண இன்ஜெக்ஷன் உள்ள டர்போ இல்லாத இன்ஜின்னா 0டபிள்யூ-20 எடுங்க, சீக்கிரம் மேல ஏறும், மைலேஜும் ஒரு துளி கூடும். ஆனா டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போவா இருந்து குட்டி ஓட்டமும் ஓட்டறீங்கன்னா நான் 5டபிள்யூ-30 பக்கம் போவேன். டைரக்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் சிலிண்டருக்குள்ள நேரா அடிக்கறதால சுவர்ல பட்டு ஆயில்ல கலக்கறது கூடுதலா இருக்கும், கலந்தா ஆயில் நீர்த்துப் போகும், 30 நீர்த்தா 20 மாதிரி ஆகும், 20 நீர்த்தா அதுக்கு கீழ எங்க போறது. கொஞ்சம் மார்ஜின் இருக்கட்டுமேன்னுதான்.

ஹைபிரிட் வச்சிருக்கவங்க இந்த லாஜிக்க அப்படியே எடுத்துக்காதீங்க. அதுல இன்ஜின் நின்னு நின்னு ஓடறதால ஆயில் பெரும்பாலும் ஆறியேதான் இருக்கும், மோட்டார்ல போயிட்டு இருக்கும்போது திடீர்னு இன்ஜின் எழும்பி உடனே வேலை பாக்கணும், அதுக்காகவே 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 மாதிரி லேசான ஆயிலுக்குன்னு டிசைன் பண்ணி வச்சிருக்காங்க. "ஆயில் தண்ணி மாதிரி இருக்கே"ன்னு மெக்கானிக் 15டபிள்யூ-40 ஊத்த கிளம்பினா கைய புடிச்சு நிறுத்துங்க.

அடுத்து டிராஃபிக். வண்டி நகரல, மீட்டர் ஓடல, இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. சின்ன கணக்கு: சராசரி 20 கிலோமீட்டர் வேகத்துல 10,000 கிலோமீட்டர் ஓட்டினா இன்ஜின் ஓடின நேரம் 500 மணி. சராசரி 80ல ஓட்டினா 125 மணி. நாலு மடங்கு வித்தியாசம், சர்வீஸ் ஸ்டிக்கர்ல ரெண்டு பேருக்கும் ஒரே கிலோமீட்டர் எழுதி ஒட்டி விடுறாங்க. குட்டி ஓட்டத்துக்கும் டிராஃபிக்குக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னா இங்க ஆயில் சூடாயிடும், நல்லாவே சூடாயிடும், காத்து போகாம பானட்டுக்குள்ள வேகும், ஐடில்ல ஆயில் பிரஷரும் குறைவு. அதனால இங்க சிந்தெடிக்குக்கு உண்மையான வேலை இருக்கு, சூட்டுல ஆக்ஸிடைஸ் ஆகி கெட்டியாகறது அதுல குறைவு, ஆவியாகி குறையறதும் குறைவு. மினரலா (கச்சா எண்ணெய சுத்திகரிச்சு எடுக்கற சாதாரண ஆயில்) சிந்தெடிக்கான்னு இழுபறியில இருக்கற டிராஃபிக் ஆளுங்க காசு கொஞ்சம் கூடப் போட்டாலும் சிந்தெடிக்குக்கு போங்க, ஆனா இடைவெளிய நீட்டிக்காதீங்க.

ஹைவே ஆளுங்களுக்கு சொல்ல பெரிசா ஒண்ணும் இல்ல, குடுத்து வச்சவங்க. ஆயில் சூடாகி, அதே சூட்டுல மணிக்கணக்கா இருந்து, தண்ணி பெட்ரோல் எல்லாம் ஆவியாகி போயிடும், மேனுவல்ல சொன்ன முழு இடைவெளிய தாராளமா எடுத்துக்கலாம். ஸ்பெக் அனுமதிச்சா மினரலும் சிந்தெடிக்கும் கலந்த செமி சிந்தெடிக்கே போதும். காசு மிச்சம் புடிக்கணும்னா இங்க புடிங்க.

லோடு, மலை, டிரெய்லர் இழுக்கறது, இல்ல வெறித்தனமா ஓட்டறது, இது வேற உலகம். இங்க ஆயில் 120 டிகிரி தாண்டறதெல்லாம் சகஜம், அங்கதான் அந்த எச்டிஎச்எஸ் நம்பர் கணக்குக்கு வருது. மேனுவல் 30யும் 40யும் அனுமதிச்சா 40. ஐரோப்பிய ஸ்பெக் பாக்கறவங்களுக்கு, ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனக் கம்பெனிகளோட சங்கம்) வகுத்த ஏ3/பி4, சி3 ரெண்டுலயும் எச்டிஎச்எஸ் 3.5க்கு குறையக் கூடாதுன்னு விதி, சி2ல 2.9ல இருந்து, சி5ல 2.6ல இருந்து 2.9க்குள்ள. டர்போ இருந்தா ஃபுல் சிந்தெடிக் தவிர வேற பேச்சே வேண்டாம், மலை ஏறி வந்து உடனே ஆஃப் பண்ணா டர்போ பேரிங்ல நிக்கற ஆயில் அப்படியே கருகி கரியா படியும். ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க, எந்த விலை ஆயிலா இருந்தாலும் இது பொருந்தும். அதுக்காக 10டபிள்யூ-60 மாதிரி ரேஸ் ஆயில தேடிப் போகாதீங்க, அது குறிப்பிட்ட சில இன்ஜினுக்குன்னு இருக்கற சாமான். சுத்தமான ரேஸ் ஆயில்கள்ல அழுக்க தூக்கி வச்சுக்கற டிடர்ஜென்ட் கம்மியா இருக்கும், ரேஸ் முடிஞ்சா வடிச்சுடுவாங்க, நீங்க மாசக்கணக்கா வச்சு ஓட்டுவீங்க.

எப்பயாவது எடுக்கற வண்டிக்கு எந்த ஆயில்ங்கறது ரெண்டாம்பட்சம், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க, கிலோமீட்டர் 2,000 ஆனாலும் சரி. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விட்டு ஆஃப் பண்றது இருக்கே, அது நல்லதே இல்ல, தண்ணியும் பெட்ரோலும் உள்ள போச்சு, வெளிய வரல. எடுத்தா அரை மணி நேரம் ஓட்டுங்க, இல்லன்னா சும்மா விடுங்க.

பழைய வண்டி, ஆயில் குடிக்குது. இங்க எல்லாரும் சொல்ற மருந்து "கெட்டியா ஊத்து". ஓரளவு வேலை செய்யும், 5டபிள்யூ-30ல இருந்து 5டபிள்யூ-40க்கோ 10டபிள்யூ-40க்கோ ஒரு படி ஏறறது, மேனுவல் அனுமதிச்சா, நியாயமான முயற்சி. ரப்பர் சீல கொஞ்சம் மென்மையாக்கற சரக்கு சேர்த்த ஹை மைலேஜ் (அதிக கிலோமீட்டர் ஓடின வண்டிக்கான) ஆயில்னும் தனியா வருது, லேசா கசியற வண்டிக்கு அத முதல்ல பாக்கலாம். ஆனா ஒரே தாவா 20டபிள்யூ-50க்கு போறத யோசிச்சு செய்யுங்க. வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வ் திறக்கற நேரத்த ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தறது) இருக்கற இன்ஜின்ல அந்த மெக்கானிசமே ஆயில் பிரஷர்லதான் இயங்குது, சின்ன சின்ன துவாரம் வழியா ஆயில் போய் வரணும், கெட்டி ஆயில் போட்டா தாமதமாகி செக் இன்ஜின் லைட் கூட வரலாம். அதெல்லாம் இல்லாத பழைய காலத்து இன்ஜின், மேனுவலே 20டபிள்யூ-50 சொல்லுதுன்னா தாராளமா ஊத்துங்க, அதுக்கு போய் 0டபிள்யூ-20 தேடினா அதுதான் தப்பு. எதுவா இருந்தாலும் ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி பிசிவி வால்வ (இன்ஜின் உள்ள சேர்ற வாயுவ வெளியேத்தற வால்வ்) பாக்க சொல்லுங்க, அது அடைச்சிருந்தாலும் ஆயில் குடிக்கும், சின்ன சாமான், அத விட்டுட்டு ரிங் போச்சு ஓவர்ஹால்னு கிளம்பிடுவாங்க.

டீசல்ல டிபிஎஃப் (புகைக்கரிய புடிக்கற ஃபில்டர்) இருக்கற வண்டிக்கு கிரேட விட ஸ்பெக்தான் முக்கியம். ஆயில்ல இருக்கற டிடர்ஜென்ட் உலோகங்கள் எரிஞ்சா சாம்பல் ஆகும், புகைக்கரிய அந்த ஃபில்டர் தானா எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், சாம்பல எரிக்க முடியாது, உள்ளயே தங்கி ஒரு நாள் அடைச்சிடும். அதனாலதான் ஏசிஇஏ சி வகை, லோ சாப்ஸ் (சாம்பல் கம்மியா வர்ற ஆயில்)னு சொல்றது, சி3ல சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. ஏ3/பி4 நல்ல ஆயில்தான், அத டிபிஎஃப் வண்டியில ஊத்தினா ஃபில்டர் செலவு பின்னாடி வரும். டிபிஎஃப் டீசல வச்சு குட்டி ஓட்டம் ஓட்டறவங்களுக்கு எந்த ஆயிலும் கைகொடுக்காது, ரீஜெனரேஷன், அதாவது ஃபில்டர் கரிய எரிச்சு சுத்தம் பண்ற வேலை, பாதியில நின்னு நின்னு டீசல் ஆயில்ல இறங்கும், வாரம் ஒரு தடவையாவது நீளமா ஒரு ஓட்டம் போயே ஆகணும். வண்டி வாங்கறதுக்கு முன்னாடி படிக்கறவங்க இருந்தா பெட்ரோல் வண்டியே வாங்கிடுங்க.

மினரல், செமி, ஃபுல் சிந்தெடிக் லேபிள் பத்தியும் கொஞ்சம். செமி சிந்தெடிக்னா இத்தன சதவீதம் சிந்தெடிக் இருக்கணும்னு உலகத்துக்கே பொதுவான விதி எதுவும் கிடையாது. ஃபுல் சிந்தெடிக்னு விக்கறதுலயும் பாதிக்கு மேல கச்சா எண்ணெய்ல இருந்து ஹைட்ரோகிராக் பண்ணி எடுத்த குரூப் 3 ஆயில் இருக்கலாம், 1999ல அமெரிக்காவுல காஸ்ட்ரால் மேல மொபில் குடுத்த புகார்ல இத சிந்தெடிக்னு விளம்பரம் பண்ணலாம்னு முடிவாச்சு, அதுக்கப்புறம் அதுவே வழக்கம். ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன், குரூப் 3 நல்ல ஆயில்தான். ஆனா முன்பக்க எழுத்து எதையும் நிரூபிக்கல, பின்பக்கம் திருப்புங்க. 2020 மே மாசத்துல இருந்து வர்ற ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) ஸ்பெக்கான எஸ்பி, அதுக்கப்புறம் 2025ல வந்த எஸ்க்யூ இருக்கான்னு பாருங்க, டர்போ பெட்ரோல் இன்ஜின்ல கம்மி ஆர்பிஎம்ல அழுத்தி மிதிக்கும்போது ஸ்பார்க்குக்கு முன்னாடியே பத்திக்கிட்டு பிஸ்டன உடைக்கற எல்எஸ்பிஐ பிரச்சினைக்கும், டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சேர்த்து சோதனை பண்ண ஸ்பெக் எஸ்பிதான். எஸ்ல ஆரம்பிக்கற இந்த பெட்ரோல் ஸ்பெக் வரிசையில புதுசு பழசுக்கு பொருந்தும், அதனால பழைய வண்டிக்கும் தைரியமா போடலாம். கார் கம்பெனி அப்ரூவல் நம்பர் கேக்கற வண்டின்னா "அப்ரூவ்டு"ன்னு இருக்கணும், "ஏற்றது", "சிபாரிசு"ன்னு இருந்தா அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கறது. டைமிங் பெல்ட் ஆயில்லயே முங்கி ஓடுற இன்ஜின் இருக்கு, அதுல மட்டும் ஸ்பெக்குல துளி கூட விளையாடாதீங்க, பெட்ரோல் கலந்த ஆயிலோ தப்பான ஆயிலோ பட்டா அந்த பெல்ட் பிஞ்சு துணுக்கு துணுக்கா ஆயில் பம்ப் சல்லடையில போய் அடைக்கும்.

எடுத்த ஆயில் சரியான்னு எப்படி தெரியும்? கருப்பாச்சான்னு பாக்காதீங்க, அழுக்க தூக்கி வச்சுக்கற ஆயில் கருப்பாதான் ஆகும், டீசல்ல மாத்தின கொஞ்ச நாள்லயே ஆயிடும். டிப்ஸ்டிக் அளவ பாருங்க, ஒரே இடத்துல சமதளத்துல நிறுத்தி, ஆறினப்புறம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா போதும். அளவு ஏறிக்கிட்டே போனா பெட்ரோலோ டீசலோ கலக்குது, இடைவெளிய குறைங்க, ஓட்டம் நீளமா இருக்கற மாதிரி மாத்துங்க, அதுக்கும் நிக்கலன்னா இன்ஜெக்டர் செக் பண்ண சொல்லுங்க. குறைஞ்சுக்கிட்டே வந்தா கசிவோ எரியறதோ, அதே ஸ்பெக்ல ஆவியாகறது கம்மியா இருக்கற ஆயிலோ ஒரு படி கெட்டியோ அடுத்த தடவை பாக்கலாம். நடுவுல டாப் அப் பண்ண அதே பிராண்ட் கிடைக்கலன்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், அதே கிரேடு, அதே ஸ்பெக் உள்ள வேற பிராண்ட தாராளமா கலக்கலாம், குறைஞ்ச ஆயிலோட ஓட்டறதுக்கு அது எவ்வளவோ மேல்.